மூன்று ஊசிகள்

ஒரே பாக்கெட்டிலிருந்து மூன்று தையல் ஊசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பு, ஒரு குறடு, ஒரு தம்ளர் தண்ணீர், கொஞ்சம் உப்புத்தாள், கண்ணுக்கு ஒரு கண்ணாடி. ஆய்வுக்கூடம் தயார். சிறுவர்கள் என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் ஊசியைக் குறடால் பிடித்து, செக்கச் செவேலென்று ஆகும்வரை தழலில் காட்டுங்கள். பிறகு அவசரப்படாமல், அரை நிமிடம் எடுத்துக்கொண்டு, தழலிலிருந்து மெல்ல மெல்ல மேலே தூக்குங்கள். ஆறிய பிறகு வளைத்துப் பார்த்தால் கட்டுக்கம்பி போல வளையும், வளைந்தபடியே கிடக்கும். இரண்டாவது ஊசியையும் அதே அளவு சிவக்க வைத்து, சட்டென்று தண்ணீருக்குள் போடுங்கள். 'சுர்' என்ற சத்தம் அடங்கியதும் எடுத்து வளைத்தால் படக்கென்று ஒடியும். மூன்றாவதையும் இரண்டாவதைப் போலவே காய்ச்சித் தண்ணீரில் போட்டெடுங்கள். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, தழலுக்குச் சற்று உயரே பிடித்து, மேலே நீலம் ஏறும்வரை இளஞ்சூடு காட்டுங்கள். இது வளையும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும்.

கம்பி, கண்ணாடி, வில். மூன்றும் இப்போது மேசையில் ஒரே சூட்டில் கிடக்கின்றன. ஒரே எஃகு, ஒரே எடை. வேதியியல் சோதனைக்கு அனுப்பினால் மூன்றுக்கும் ஒரே விடைதான் வரும். அவை வேறுபடுவது ஒன்றில் மட்டும்: நெருப்பிலிருந்து மேசைக்கு வந்த வழியில்.

ஹீட் ட்ரீட்மென்ட் என்ற தொழில் முழுவதும் இந்த மூன்று ஊசிகளுக்குள் அடங்கிவிடும். அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் இரவு பகலாக எரியும் உலைகளுக்கு முன்னால் நிற்கும் ஆபரேட்டரைப் பார்ப்பவர்கள், இரும்பைச் சூடாக்குகிறார் என்றுதான் நினைப்பார்கள். சூடாக்குவது அந்த வேலையின் எளிய பாதி. பொருள் எந்த வழியாக, எத்தனை வேகத்தில் திரும்பி வரவேண்டும் என்று பார்த்துக்கொள்வதுதான் மற்ற பாதி.

கதவு சாத்திய பேருந்து

எஃகு என்பது இரும்பும் கொஞ்சம் கார்பனும். அறையின் சூட்டில் இரும்பு அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும், நடுவில் ஒன்றுமாக உட்கார்ந்திருக்கின்றன. எஃகு 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இந்த வரிசை கலையத் தொடங்குகிறது. மூலைகளில் எட்டு, ஆறு முகங்களின் நடுவிலும் ஒவ்வொன்று என்று புது வரிசை அமைகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. புது வரிசையில் இரும்பு அணுக்கள் மொத்தத்தில் முன்பைவிட நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு இடையே விழும் சந்துகள் பெரியவை. பழைய வரிசையில் எடைக்கணக்கில் அதிகபட்சம் 0.02 சதவீதம் கார்பனுக்கே இடம் உண்டு. புது வரிசை 2 சதவீதம் வரை ஏற்றுக்கொள்ளும், அதாவது நூறு மடங்கு.

இப்படி நிறைய கார்பனை ஏற்றிக்கொண்ட எஃகை ஒரு பேருந்து என்று வைத்துக்கொள்வோம். ஆறும்போது அதன் இருக்கைகள் சுருங்கியாக வேண்டும். பழைய வரிசையில் இத்தனை பேருக்கு இடமில்லை. மெல்ல ஆறவிட்டால் பயணிகள் இறங்க அவகாசம் கிடைக்கிறது. இறங்கிய கார்பன், மூன்று இரும்புக்கு ஒரு கார்பன் என்று கூட்டுச் சேர்ந்து சிமென்டைட் என்ற கடினமான தகடுகளாகிறது. அவற்றுக்கு நடுநடுவே கார்பனை இழந்த மெத்தென்ற இரும்பு. 1860களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி என்பவர் எஃகைத் தேய்த்து மெருகேற்றி, அமிலத்தால் லேசாக அரிக்கவிட்டு, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். இந்த அடுக்குகள் முத்துச்சிப்பியின் உட்புறம் போல மின்னின. பெர்லைட் என்ற பெயர் அந்த மினுக்கத்திலிருந்து வந்தது. நமது முதல் ஊசியில் இருப்பது இந்த வகை.

இரண்டாவது ஊசியில் கார்பன் இறங்கும் முன்பே கதவைச் சாத்திவிட்டோம். இரும்பு பழைய வரிசைக்குத் திரும்ப முயல்கிறது. நடுவில் கார்பன் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கனசதுரம் கனசதுரமாக ஆக முடியாமல் ஒரு பக்கமாக நீண்டுவிடுகிறது. உலோகம் வளைய வேண்டுமானால் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். இந்த நெரிசலில் வழுக்க வழியில்லை. அதனால் அபாரமான கடினம்; அதனாலேயே ஒடியும் குணமும். இதற்கு மார்ட்டென்சைட் என்று பெயர், ஜெர்மானிய ஆய்வாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக. சூட்டில் இருந்த வரிசைக்கு ஆஸ்டினைட் என்று பெயர், பிரிட்டனின் வில்லியம் ராபர்ட்ஸ்-ஆஸ்டின் நினைவாக.

வரைபடத்துக்குள் வந்த கடிகாரம்

ராபர்ட்ஸ்-ஆஸ்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரும்புக்கும் கார்பனுக்கும் ஒரு வரைபடம் தயாரித்தார். இத்தனை கார்பன், இத்தனை சூடு என்றால் எஃகுக்குள் என்ன இருக்கும் என்று அது காட்டும். இன்றும் உலோகவியல் மாணவர்களின் முதல் பாடம் அதன் திருத்திய வடிவம்தான். ஆனால் அந்த வரைபடத்தில் நேரம் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேண்டிய அவகாசம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மட்டுமே அது சொல்லும். மூன்று ஊசிகளைப் பற்றி அதனிடம் கேட்டால் முதல் ஊசிக்கு மட்டும் பதில் கிடைக்கும்.

நேரத்தை உள்ளே கொண்டுவந்தவர்கள் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எட்மண்ட் டேவன்போர்ட், எட்கர் பெய்ன் இருவரும். மெல்லிய எஃகுத் துண்டுகளைக் காய்ச்சி, குறிப்பிட்ட சூட்டில் வைத்திருந்த உருகிய குளியலில் போட்டார்கள். ஒன்றைச் சில நொடிகளில் எடுத்தார்கள், இன்னொன்றைச் சில நிமிடங்களில், வேறொன்றைப் பல மணி நேரம் கழித்து. எடுத்ததும் உப்புத் தண்ணீரில் போட்டு, அந்தக் கணத்தில் உள்ளே இருந்ததை அப்படியே உறையவைத்தார்கள். 1930இல் வெளிவந்த அவர்களுடைய வரைபடத்தில் ஓர் அச்சு சூட்டுக்கு, மற்றொன்று நேரத்துக்கு.

அதில் வரும் வளைகோடு மூக்கு போல ஓரிடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் பெயரும் மூக்குதான். 0.8 சதவீதக் கார்பன் மட்டும் கொண்ட சாதாரண எஃகுக்கு அந்த மூக்கு சுமார் 550 டிகிரியில், ஏறத்தாழ ஒரு நொடிக்குள் இருக்கிறது. சிவந்த எஃகு அந்தச் சூட்டை ஒரு நொடிக்குள் தாண்டிவிட்டால் கார்பன் மாட்டிக்கொள்ளும். தாண்டாவிட்டால் பெர்லைட் உருவாகத் தொடங்கிவிடும்; அப்புறம் எத்தனை வேகமாகக் குளிர்வித்தாலும் போனது போனதுதான்.

ஊசிக்கு ஒரு நொடி போதும். கை கனமுள்ள தண்டின் நடுப்பகுதியை ஒரு நொடியில் குளிர்விக்க எந்தத் திரவத்தாலும் ஆகாது. அங்கேதான் குரோமியம், மாலிப்டினம், நிக்கல் போன்றவை உதவிக்கு வருகின்றன. இவை எஃகில் கலந்தால் மூக்கு வலப்புறம் தள்ளிப்போகிறது. ஒரு நொடி பல நொடிகளாகிறது, சில எஃகுகளில் நிமிடங்களாகிறது. தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் எண்ணெய் போதும். சில கருவி எஃகுகளுக்கு வெறும் காற்றே போதும். அலாய் ஸ்டீலுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்கு, நேரத்துக்காகக் கொடுப்பது.

ஒரு ஷிப்ட்

ஆபரேட்டரின் ஷிப்ட் உலையில் தொடங்குவதில்லை, கூடையில் தொடங்குகிறது. வந்த 'ஜாப்' எல்லாவற்றையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, கூடையில் அடுக்க வேண்டும். நெருக்கி அடுக்கினால் நடுவில் இருப்பவற்றுக்குச் சூடும் போகாது, குளிரும் போகாது. நீளமான தண்டுகளைப் படுக்க வைக்கக்கூடாது. 900 டிகிரியில் எஃகு தன் எடையையே தாங்காமல் தொய்ந்துவிடும். குழி போன்ற பிட் ஃபர்னஸில் அவற்றைச் செங்குத்தாகத் தொங்கவிடுகிறார்கள்.

அடுத்தது சூடு. உலைச் சுவரில் செருகியிருக்கும் தெர்மோகப்பிள் என்பது இரண்டு வேறுவேறு உலோகக் கம்பிகளின் முடிச்சு. முடிச்சு சூடானால் மறுமுனையில் சிறு மின்னழுத்தம் தோன்றும். தாமஸ் சீபெக் 1821இல் கண்ட விளைவு இது. தொழிற்கூடங்களில் பரவலாக உள்ள 'கே' வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டின் லட்சத்தில் நான்கு பங்கை நம்பித்தான் மொத்த லாட்டும் உள்ளே இருக்கிறது. கம்பி பழசாகப் பழசாக அளவு நழுவும் என்பதால், அவ்வப்போது இன்னொரு சரிபார்த்த தெர்மோகப்பிளை வைத்து ஒப்பிடுவார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு முதலில் புரியவேண்டியது ஒன்று. மீட்டர் காட்டுவது உலையின் சூடு. ஜாப்பின் நடுப்பகுதி இன்னும் அங்கே வந்து சேர்ந்திருக்காது. அதற்காகத்தான் 'சோக்கிங்': சூட்டை எட்டிய பிறகும் பொருளை உள்ளேயே ஊறவைப்பது. 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய கைக்கணக்கு. குறைத்தால் நடுப்பகுதி மாறாமல் இருக்கும். அளவுக்கு மீறிய சூட்டில் அதிக நேரம் கிடந்தால் எஃகின் உள்மணிகள் பெருத்து, பிறகு எளிதில் முறியும். காற்று உள்ளே புகுந்தால் மேற்பரப்பின் கார்பன் எரிந்துபோய், தோல் மட்டும் மெத்தென்று ஆகிவிடும். அதைத் தடுக்க உலைக்குள் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் கலந்த வாயுவை நிரப்புகிறார்கள். இது எரியும் வாயு. உலை 760 டிகிரியைத் தாண்டும் முன்பு இதை உள்ளே விடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் கண்டிப்பான விதி. அந்தச் சூட்டுக்கு மேல் வாயுவும் காற்றும் சந்தித்தால் அங்கேயே எரிந்து தீர்ந்துவிடும். அதற்குக் கீழே என்றால் எரியாமல் சேர்ந்து, ஒரு பொறிக்காகக் காத்திருந்து வெடிக்கும். கதவு திறக்கும்போது வாசலை மறைத்து எழும் தீத்திரை, வெளியே கசியும் வாயுவை அங்கேயே எரித்துவிடும் காவல்.

பிறகு குவென்ச்சிங். ஊசி தண்ணீரில் விழுந்தபோது வந்த 'சுர்' உண்மையில் மூன்று கட்டங்கள். முதலில் சிவந்த உலோகத்தைச் சுற்றி நீராவிப் போர்வை ஒன்று மூடிக்கொள்கிறது. தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் தெளித்த நீர் உடனே வற்றாமல் முத்து முத்தாக ஓடுமே, அதே சங்கதி. போர்வை இருக்கும்வரை குளிர்ச்சி மந்தம். அது கிழிந்ததும் திரவம் உலோகத்தைத் தொட்டுக் கொதிக்கிறது; சூடு மிக வேகமாக இறங்குவது அப்போதுதான். கொதி அடங்கியபின் மறுபடி நிதானம். போர்வை ஓரிடத்தில் கிழிந்து இன்னோர் இடத்தில் கிழியாவிட்டால், ஒரே பல்சக்கரத்தில் ஒரு பல் கடினமாகவும் அடுத்த பல் மெத்தென்றும் வந்துவிடும். தொட்டிக்குள் விசிறி சுழன்று எண்ணெயைக் கலக்கிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இது.

சூடான இரும்பைக் குளிர்விக்கும் எண்ணெயை முன்கூட்டியே 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி வைப்பதைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். சூடான எண்ணெய் இளகி நன்றாக ஓடும். ஓடும் எண்ணெய்தான் சூட்டை அள்ளிச் செல்லும். ஆபரேட்டர் பயப்படும் காட்சிகள் இரண்டு. கூடை பாதி எண்ணெயில் இறங்கிய நிலையில் லிஃப்ட் நின்றுவிடுவது ஒன்று: மேலே நிற்கும் சிவந்த இரும்பு எண்ணெயைப் பற்றவைத்துவிடும். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்திருப்பது இன்னொன்று. எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் தங்கும்; ஆவியானால் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து எண்ணெயை வெளியே கக்கவைக்கும்.

உளிக்குத் தோய்ச்சல்

எண்ணெயிலிருந்து வெளிவந்த ஜாப் இரண்டாவது ஊசியின் நிலையில் இருக்கிறது. மார்ட்டென்சைட்டாக மாறும்போது எஃகு சற்றே பருக்கிறது. வெளிப்புறம் முதலில் மாறி விறைத்துக்கொண்ட பிறகு, உட்புறம் தாமதமாகப் பருத்து வெளியே தள்ளுகிறது. அப்படியே விட்டால் தொடாமலேயே விரிசல் விடும். இரவு ஷிப்டில் ஆளில்லாத மூலையில் கிடக்கும் கூடையிலிருந்து 'டிக்' என்று கேட்டால் அனுபவசாலிகளுக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தாமதிக்காமல் டெம்பரிங் உலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இளஞ்சூட்டில் மாட்டிக்கொண்ட கார்பனில் ஒரு பகுதி மெல்ல வெளியேறி நுண்துகள்களாகிறது. கொஞ்சம் கடினத்தைக் கொடுத்துவிட்டு நிறைய உறுதியை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று இது. பல்சக்கரத்துக்கு 150 முதல் 200 டிகிரி. சுருள்வில்லுக்கு 400க்கு மேல். அச்சுத் தண்டுக்கு 550, 600.

குவென்ச்சிங், டெம்பரிங் இரண்டையும் ஒரே சூட்டில் முடித்துவிடும் வித்தை நம் கொல்லர்களிடம் உண்டு. கல்லில் அடித்து மழுங்கிப்போன உளியைக் கொல்லர் காய்ச்சித் தட்டிக் கூராக்கிவிட்டு, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்க்கிறார். உடனே வெளியே எடுத்து நுனியைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார். உளியின் உடம்பில் மிச்சமிருக்கும் சூடு நுனியை நோக்கி நகர்ந்து வரும்போது நிறங்கள் ஊர்ந்து வருகின்றன: முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். வேண்டிய நிறம் நுனிக்கு வந்ததும் முழு உளியும் தண்ணீருக்குள். இதைத்தான் தோய்ச்சல் என்கிறார்கள்.

இந்த நிறங்களில் சாயம் எதுவும் இல்லை. சூட்டில் மேற்பரப்பில் படரும் மெல்லிய ஆக்சைடு படலம், தண்ணீர்மேல் சிந்திய பெட்ரோலைப் போல ஒளியைப் பிரித்துக் காட்டுகிறது. படலத்தின் கனம் சூட்டைப் பொறுத்தது. வைக்கோல் நிறம் என்றால் சுமார் 220 டிகிரி, நீலம் என்றால் சுமார் 300. பட்டறைகள் அரையிருட்டாக இருப்பதும் இதையொட்டிய விஷயம்தான். காய்ச்சிய இரும்பின் சிவப்பு எந்தச் சிவப்பு என்று நடுப்பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது.

தோல் மட்டும்

பல்சக்கரத்துக்கு ஒரு முரண்பட்ட தேவை. பல்லின் மேற்பரப்பு தேயக்கூடாது. பல் அதிர்ச்சியில் ஒடியவும் கூடாது. கார்பன் குறைந்த எஃகில் சக்கரத்தைக் கடைந்து, கார்பன் நிறைந்த வாயுவில் 925 டிகிரி அளவில் வைத்தால், கார்பன் வெளியிலிருந்து உள்ளே ஊறுகிறது. தோலில் மட்டும் 0.8 சதவீதம், நடுவில் பழைய 0.2. குவென்ச் செய்தால் தோல் கண்ணாடிபோல் இறுகும், உட்புறம் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

வாடிக்கையாளருக்கும் ஆபரேட்டருக்கும் அடிக்கடி வாக்குவாதம் வருமிடம் இது. 925 டிகிரியில் நான்கு மணி நேரத்தில் கார்பன் சுமார் 1.25 மில்லிமீட்டர் ஆழம் போகிறது. "இரண்டு மடங்கு ஆழம் வேண்டுமா? எட்டு மணி நேரம் வையுங்கள்" என்று தோன்றும். வேண்டியது பதினாறு மணி நேரம். அணுக்கள் குறி வைத்து நடப்பதில்லை. முன்னும் பின்னும் தள்ளாடித்தான் போகின்றன. அப்படிப் போகிறவர் கடக்கும் தொலைவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். மின்கட்டணம் மட்டும் நேர்விகிதத்தில் ஏறும்.

திங்கட்கிழமை அலுமினியம்

இத்தனையும் கற்ற ஆபரேட்டரை அலுமினிய உலைக்கு மாற்றினால் தலைகீழ்ப் பாடம். ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் 1906 வாக்கில் தாமிரமும் மக்னீசியமும் சிறிதளவு கலந்த அலுமினியத்தை எஃகைப் போலவே காய்ச்சித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். பெரிதாகக் கடினமாகவில்லை. வார இறுதி கழித்து அதே துண்டுகளை மீண்டும் அளந்தபோது கடினம் கணிசமாக ஏறியிருந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை. மேசைமேல் சும்மா கிடந்ததுதான். இங்கே குவென்ச் என்பது தாமிர அணுக்களைக் கலைந்த நிலையில் பிடித்துவைப்பது மட்டும். அவை மெதுவாக ஒன்றுகூடி நுண்திட்டுகளாகி வழுக்கலைத் தடுக்கும்போதுதான் கடினம் வருகிறது. டியூராலுமின் என்ற பெயரில் அது விமானங்களின் உடம்பானது. அந்த வகை ரிவெட்டுகளைக் காய்ச்சிக் குளிர்வித்ததும் உறைபெட்டியில் வைத்துவிடுவார்கள். குளிரில் அணுக்கள் நகராது, ரிவெட் அடிக்கும்வரை மெத்தென்று இருக்கும். அடித்த பிறகு விமானத்திலேயே இறுகிக்கொள்ளும்.

சுருங்கிய பாட்டில்

தண்ணீர் வாங்கிய பெட் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, அது கோணிக்கொண்டு சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சோதனைக்குழாய் மாதிரியான சிறு குப்பியைச் சூடாக்கி, காற்றால் ஊதிப் பெருக்கிச் செய்ததுதான் அந்தப் பாட்டில். இழுபட்ட நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் குளிர்ந்து அப்படியே உறைந்துவிட்டன. 75 டிகிரி அளவில் உறைவு தளர்ந்ததும் சங்கிலிகள் பழைய சுருளுக்குத் திரும்புகின்றன. பழச்சாற்றைச் சூடாகவே நிரப்பும் பாட்டில்கள் சுருங்குவதில்லை. அவற்றை ஊதும்போதே சூடான அச்சில் சற்றுநேரம் பிடித்துவைத்து, சங்கிலிகளின் ஒரு பகுதியைப் படிகமாக்கி நிலைநிறுத்திவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கும் வந்த வழியை மறப்பதில்லை.

அக்ரிலிக்கில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வெட்டித் துளையிட்ட அக்ரிலிக் துண்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால், துளையைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் திடீரென்று பூக்கும். வெட்டும்போது உள்ளே அடைபட்ட இழுவிசையை ஸ்பிரிட் அவிழ்த்துவிடுகிறது. இதைத் தவிர்க்கத் துண்டுகளை 80 டிகிரி அளவில் அடுப்பில் பல மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிடுகிறார்கள். இங்கே அவசரம்தான் எதிரி. சாதாரண எஃகு கடத்தும் சூட்டில் இருநூறில் ஒரு பங்கைக்கூட அக்ரிலிக் கடத்தாது. சட்டென்று கதவைத் திறந்தால் வெளிப்புறம் ஆறி உட்புறம் பின்தங்கி, போக்கிய இழுவிசை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கிலோ கணக்கு

செய்த வேலை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ராக்வெல் இயந்திரத்தில் 120 டிகிரி வைரக்கூம்பு ஒன்றை 150 கிலோ பளுவில் அழுத்தி, எத்தனை ஆழம் இறங்கியது என்று பார்ப்பார்கள். ஆழம் குறைந்தால் எண் ஏறும். பல்சக்கரத்தின் தோலுக்கு 58 முதல் 62 வரை கேட்பது வழக்கம். ஆனால் அந்த எண் மேற்பரப்பின் எண். உள்ளே என்ன ஆயிற்று என்று அறிய வேண்டுமானால் வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்டிய சக்கரத்தை வண்டியில் மாட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு கூடையிலும் அதே எஃகில் செய்த சிறு துண்டு ஒன்றைச் சேர்த்து அனுப்பி, அதை மட்டும் வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மற்றவற்றுக்கெல்லாம் அந்த ஒரு துண்டும், சூடு எந்த நிமிடத்தில் எவ்வளவு இருந்தது என்று காட்டும் வரைகோடும்தான் சாட்சி. விமானத் துறையில் பின்பற்றப்படும் ஏ.எம்.எஸ். 2750 என்ற தரவிதி முழுவதுமே உலையின் சூட்டை எப்படி அளப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்பது பற்றித்தான்.

காலையில் டெலிவரி வண்டி வருகிறது. கூடையிலிருந்த சக்கரங்கள் எடைமேடைக்குப் போகின்றன. நேற்று வந்தபோது இருந்த எடைதான் இன்றும். வடிவமும் ஏறத்தாழ அதேதான். கொஞ்சம் கறுத்திருக்கின்றன, அவ்வளவுதான். எடையில் தெரியாத வேலைக்கு எடை போட்டுத்தான் கூலி: கிலோவுக்கு இத்தனை ரூபாய். பில்லோடு சேர்த்து ஆபரேட்டர் அந்த வரைகோட்டையும் மடித்து வைக்கிறார். அந்தச் சக்கரங்கள் வந்த வழி அந்தத் தாளில் இருக்கிறது.